கிக்: கச்சேரி என்று எழுதலாமா?

ஜாஸ் கலைஞர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பைத் தமிழில் எழுதத் தொடங்கினால் இரண்டாவது வரியிலேயே குறுக்கே வந்து நிற்கும் ஆங்கிலச் சொல் ‘கிக்’ (gig). முதல் கிக், கல்யாண கிக், வாரக் கடைசி கிக் என்று அவர்களுடைய பிழைப்பு முழுவதும் இந்த ஒரே அசையில் ஓடுகிறது. அதைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதினால் பொருள் மாறிவிடும். நம் ககரம் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் ஒன்றே என்பதால், ‘கிக்கு ஏறிடுச்சு’ என்று போதைக்குச் சொல்கிறோமே, அந்தச் சொல்லும் இதுவும் எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. ‘அவருக்கு வாரம் நாலு கிக்’ என்ற வரியைக் கும்பகோணத்தில் படிப்பவர் அந்தக் கலைஞரைப் பற்றி என்ன நினைப்பார் என்று எழுதுகிறவர் யோசிக்க வேண்டும்.

முதலில் பொருள். குறிப்பிட்ட ஒரு நாளில், பேசிய தொகைக்கு வாசிக்க ஒப்புக்கொண்ட வேலைதான் கிக். தேதி உண்டு, கூலி உண்டு, அன்றைக்கு வாசித்ததோடு கடமை முடிந்துவிடும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது கிக் ஆகாது. தை மாதத்தில் திருவையாறு ஆராதனையில் காவிரிக்கரையில் வாசிப்பவர்கள் கூலி எதிர்பார்த்து வருவதில்லை, அது அஞ்சலி. நண்பர்கள் கூடிப் பின்னிரவு வரை வாசித்துப் பார்ப்பதும் கிக் இல்லை. மாதச் சம்பளத்துக்கு வானொலிக் குழுவில் இருப்பதும் அதில் சேராது.

சொல்லின் பிறப்பு இன்னும் முடிவாகவில்லை. ஆங்கிலத்தில் இதே வடிவம் முன்பு சுழலும் பம்பரத்தையும், பிறகு இரட்டைச் சக்கரக் குதிரை வண்டியையும் குறித்திருக்கிறது. அவற்றிலிருந்து இசைக்காரர்களின் பேச்சுக்கு எந்த வழியாக வந்தது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. இசை வேலை என்ற பொருளில் 1926இல் லண்டனின் மெலடி மேக்கர் இதழில் இது அச்சேறியிருக்கிறது. வாயில் அதற்கு முன்பே புழங்கியிருக்கும். இத்தகைய தொழிற்சொற்கள் அச்சுக்கு எப்போதும் தாமதமாகவே வரும். ‘கடவுள் நல்லவர்’ என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் சேர்ந்து உண்டானது என்று பரவும் விளக்கத்துக்கு ஆதாரமே கிடையாது. அதை எடுத்து எழுத வேண்டாம்.

இனி நம் பக்கம். கச்சேரி என்ற சொல்லும் இசையில் பிறந்ததில்லை. அலுவலகம், நீதிமன்றம் என்ற பொருளில் இந்தியில் வழங்கும் கசஹ்ரி, மராத்தியில் கசேரி. 1855 வரை மராத்தியர் அரசிருந்த தஞ்சை மண்ணுக்கு இச்சொல் அயலானதாக இருந்திருக்காது. தாலுகா கச்சேரி, கலெக்டர் கச்சேரி என்று பெரியவர்கள் சொன்னதெல்லாம் அலுவலகத்தைத்தான். மயிலாடுதுறையில் கச்சேரி சாலை என்ற பெயர் இன்றும் இருக்கிறது. பாட்டுக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. பலர் கூடும் சபை என்ற பொருள் மெல்ல நகர்ந்து இசை கேட்கக் கூடும் சபைக்கு வந்தது. பிறகு அங்கே நடக்கும் வாசிப்புக்கே பெயராயிற்று.

அதற்கடுத்த நகர்வைத்தான் அகராதிகள் சரியாகக் கவனிப்பதில்லை. ‘கச்சேரி நல்லா இருந்துச்சு’ என்று கேட்பவர் சொல்லும்போது அது நிகழ்ச்சி. ‘இந்த மாசம் அஞ்சு கச்சேரி கையில இருக்கு’, ‘மன்னார்குடியில ஒரு கச்சேரி வந்திருக்கு’ என்று நாயனக்காரர் சொல்லும்போது அது வேலை. தேதி, கூலி, அன்றோடு முடியும் கடமை என மூன்றும் அதற்குள் அடங்கியிருக்கின்றன. கிக் என்பதற்கு இதைவிடப் பொருந்தும் சொல் தமிழில் இல்லை என்றே சொல்வேன். இசையரங்கு என்பது நல்ல தமிழ்ச்சொல், ஆனால் அது கேட்பவர் பக்கத்துச் சொல். ‘எனக்கு ஒரு இசையரங்கு வந்திருக்கு’ என்று எந்தக் கலைஞரும் பேசமாட்டார். பழைய பரிசிலும் பொருந்தாது. பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனுக்குத் தேரும் நான்கு வெண்குதிரைகளும் கொடுத்து ஏழடி பின்னே நடந்து வழியனுப்புகிறான். அது பாடிய பிறகு மனமுவந்து கொடுத்த கொடை. கிக்கில் தொகை முதலிலேயே பேசப்படும். அந்த இடத்துக்கு நம்மிடம் இருப்பது அச்சாரம்.

வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கைமாறினால் தேதி உறுதி. அதற்கு முன் பேசி முடிக்க வேண்டியவை பல. எத்தனை பேர் வருகிறார்கள். மாப்பிள்ளை அழைப்பும் மறுநாள் முகூர்த்தமும் சேர்ந்து ஒரே கச்சேரியா, தனித்தனியா. ஸ்பெஷல் தவில், அதாவது குழுவுக்கு மேல் தனியாக அழைக்கும் பெயர்பெற்ற தவில்காரர், உண்டா. வண்டிச்செலவும் தங்குமிடமும் யார் பொறுப்பு. ஜாஸ் குழுத் தலைவரும் ஏறக்குறைய இவற்றையேதான் பேசுகிறார். கூடவே, அரங்கில் பியானோ சுருதி சேர்த்த நிலையில் இருக்கிறதா, டிரம்ஸ் அங்கேயே இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்வார். கோளாறு நேரும் இடமும் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் முகூர்த்தங்கள் மற்ற மாதங்களில் நெருங்கி விழுகின்றன. ஒரே நாளுக்கு மூன்று வீட்டார் வந்து நிற்பார்கள். அமெரிக்காவில் அப்படி நெருக்கும் நாள் டிசம்பர் 31 இரவு. அன்று நல்ல கலைஞர் கடைசி நேரத்தில் அகப்படமாட்டார், கூலியும் ஏறிவிடும்.

மொழிபெயர்ப்பாளர் தடுக்கி விழும் துணைச்சொற்கள் சில உண்டு. அவற்றில் முதன்மையானது ‘செட்’. டெல்டாவில் ‘ஒரு செட்டு மேளம்’ என்றால் இரண்டு நாயனம், இரண்டு தவில், தாளம், சுருதிப்பெட்டி என்று ஆட்களின் கணக்கு. ஜாஸ் விடுதியில் செட் என்பது நேரத்தின் கணக்கு: இடைவெளி விடாமல் ஒரு மணி நேரமோ சற்று முன்பின்னாகவோ வாசிக்கும் ஒரு பகுதி. அறிவிப்பில் ‘இரண்டு செட், 8 மணி, 10 மணி’ என்று இருந்தால் இரண்டு குழுக்கள் வருவதாக எழுதிவிடக் கூடாது. ஒரே குழு இரண்டு முறை வாசிக்கிறது. பல விடுதிகளில் இரண்டுக்கும் தனித்தனிச் சீட்டு வாங்க வேண்டும். ‘சுற்று’ என்று எழுதினால் குழப்பமில்லை.

அடுத்தது ‘கிளப் டேட்’. நியூயார்க் இசைக்காரர்கள் கல்யாண வரவேற்பு, விருந்து போன்ற தனியார் வேலைகளை இப்படித்தான் சொன்னார்கள். பெயரில் கிளப் இருந்தாலும் ஜாஸ் விடுதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதே வேலைக்கு லாஸ் ஏஞ்சலஸில் ‘கேஷுவல்’, சிகாகோவில் ‘ஜாபிங்’ என்று பெயர். மூன்றையுமே கல்யாணக் கச்சேரி என்று எழுதினால் போதும், தஞ்சாவூர் வாசகருக்கு மேலும் விளக்கம் தேவைப்படாது. ‘டேட்’ என்று மட்டும் வந்தால் முன்னும் பின்னும் பார்க்க வேண்டும், ஒலிப்பதிவுக்கும் அதே சொல்லைச் சொல்வார்கள்.

‘ரெசிடென்சி’யைக் குடியிருப்பு, வசிப்பு என்றெல்லாம் எழுதியிருப்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. ஒரே இடத்தில் தொடர்ந்து வாசிக்கும் ஏற்பாடு அது. 1927 டிசம்பர் முதல் 1931 வரை டியூக் எலிங்டனின் ஜாஸ் குழு நியூயார்க்கின் காட்டன் கிளப்பில் வாசித்தது அப்படித்தான். அதே ஊரின் வில்லேஜ் வான்கார்ட் ஜாஸ் விடுதியில் 1966 முதல் திங்கட்கிழமைதோறும் ஒரு பெரிய குழு வாசித்து வருவதும் அந்த வகைதான். ஆதீன வித்வான், கோயில் மேளம் என்று நிலையான வாசிப்புக்கும் வெளிக்கச்சேரிக்கும் நாம் வேறுபாடு வைத்திருக்கிறோம். நாயன மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை ஆதீனத்து வித்வானாகவும் இருந்தார், ஊர் ஊராகக் கச்சேரியும் செய்தார். ஆகவே ரெசிடென்சிக்கு ‘நிலைக்கச்சேரி’ என்று எழுதலாம் என்பது என் பரிந்துரை. புதுச்சொல்தான், ஆனாலும் கேட்டவுடன் விளங்கும்.

குழுத் தலைவர் கூலிக்கு அமர்த்தும் கலைஞரான ‘சைடுமேன்’ என்பதைப் பக்கவாத்தியம் என்று எழுதுவது பாதிதான் சரி. பக்கவாத்தியக்காரர் முதன்மைக் கலைஞரைத் தாங்கிப் போகிறவர். ஜாஸில் கூலிக்கு அமர்த்தப்பட்டவரும் தலைவருக்குச் சமமாக நீண்ட நேரம் தனித்து வாசிப்பார். ஸ்பெஷல் தவில்காரரை நினைத்துக்கொண்டால் அந்த நிலை புரியும். டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1955இல் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனை அமர்த்தினார். 1957இல் கோல்ட்ரேன் ஃபைவ் ஸ்பாட் விடுதியில் பியானோ கலைஞர் தெலோனியஸ் மாங்குடன் மாதக்கணக்கில் வாசித்தார். மறு ஆண்டு டேவிஸிடம் திரும்பினார். 1960இல் தன் நால்வர் குழுவை அமைத்தார். ‘குவார்ட்டெட்’டுக்கு நால்வர் என்றே எழுதலாம். பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய தஞ்சை நால்வரைச் சொல்லிப் பழகிய ஊர் இது.

மாங்கின் வாழ்க்கையில் இன்னொரு நுட்பமும் உண்டு. 1940 முதல் 1967 வரை நியூயார்க்கில் மது விற்கும் விடுதியில் வாசிக்கக் காவல்துறை தரும் அனுமதி அட்டை வேண்டும். 1951இல் அவருடைய அட்டை பறிக்கப்பட்டது, 1957இல்தான் திரும்பக் கிடைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்நகரின் விடுதிகளில் அவருக்கு கிக் இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதுவார்கள். அதை ‘இசையை விட்டு விலகியிருந்தார்’ என்று தமிழாக்கினால் பெரும் பிழை. அந்தக் காலத்தில் அவர் இசைத்தட்டுகளுக்கு வாசித்தார், புதிதாக இயற்றினார். ‘விடுதிக் கச்சேரிக்கு வழியில்லாமல் இருந்தார்’ என்பதே சரியான தொடர்.

இசைக்கு வெளியே இச்சொல் இன்று உணவு கொண்டுவருபவர், வாடகை வண்டி ஓட்டுபவர் வரை நீண்டுவிட்டது. தமிழ்நாடு அரசு 2023இல் அவர்களுக்காக அமைத்த நல வாரியத்தின் பெயரிலேயே ‘கிக் தொழிலாளர்கள்’ என்று இருக்கிறது. அங்கே கச்சேரி பொருந்தாது. பண்ணையாளுக்கு எதிர்நிலையில் டெல்டா வயல்களில் வழங்கிய அத்தக்கூலி (அன்றாடக் கூலி) பொருளில் நெருங்கி வந்தாலும், அச்சொல்லில் ஒட்டியிருக்கும் இழிவு அவர்கள் மேல் விழ வேண்டாம். ‘உதிரி வேலை’ என்று எழுதலாம்.

ஓர் அறிவிப்பை இவற்றையெல்லாம் வைத்து எழுதிப் பார்த்தால் இப்படி அமையும்: ‘சாக்ஸபோன் கலைஞர் தலைமையில் நால்வர் குழு. வெள்ளி, சனி இரண்டு இரவும் கச்சேரி. ஒவ்வோர் இரவும் 8 மணிக்கும் 10 மணிக்கும் இரண்டு சுற்று, சுற்றுக்குத் தனிச்சீட்டு. கதவு 7 மணிக்குத் திறக்கும்.’