மீப்பொருள்: சொல் விளக்கம்

நுண்ணிய அமைப்பால் புதிய இயல்பு பெறும் செயற்கைப் பொருளைக் குறிக்கும் ‘மெட்டாமெட்டீரியல்’ என்பதில் முன்னிற்கும் ‘மெட்டா’ பின், அப்பால் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். எஞ்சிய பகுதி, கட்டட மரத்தையும் மூலப்பொருளையும் குறித்த ‘மெட்டீரியா’ என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. இத்துறைக்கு முன்னோடியாக, எதிர்க்குறி ஒளிவிலகல் எண் கொண்ட, அதாவது ஒளியை வழக்கத்துக்கு மாறான பக்கம் வளைக்கும் ஊடகத்தை ரஷ்ய இயற்பியலாளர் விக்டர் வெசெலாகோ 1967-இலேயே கோட்பாட்டளவில் ஆராய்ந்திருந்தாலும், அவர் கட்டுரையில் இப்பெயர் இல்லை. 1999-இல் இதை வழங்கியவர் ரோட்ஜர் வால்சர்.

தமிழில் ‘மீப்பொருள்’ என்கிறோம். ‘மீ’ என்பது மேல், உயர்வு. மேலான சொல்லாகிய புகழுரை ‘மீக்கூற்று’ ஆனது இப்படித்தான். ‘மீ’யின் முன் வல்லினம் இயல்பாகவும் நிற்கும், மிகவும் செய்யும் என்பது நன்னூல் விதியாதலால், ‘மீபொருள்’ என எழுதுவோரைப் பிழை சொல்வதற்கில்லை. செவிக்கு இசைவது என்னவோ மிகுந்த வடிவமே. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மீக்கடத்தியில் (சூப்பர்கண்டக்டர்) ‘சூப்பர்’, மீயுரையில் (ஹைப்பர்டெக்ஸ்ட்) ‘ஹைப்பர்’, இங்கே ‘மெட்டா’ என மூன்று அயல் முன்னொட்டுகளை இந்த ஓரெழுத்தே சுமப்பதால், மீப்பொருளை ஏதோ ஆற்றல் மிகுந்த பொருள் என்று கொள்ள இடமுண்டு. அது அன்று கருத்து. உட்கூறுகளின் தனி இயல்புக்கு அப்பாற்பட்ட இயல்பை அவற்றின் அமைப்பாலேயே பெறுவது என்பதே கருத்து.

அடுக்கு மீப்பொருளில் இது தெளிவாகும். வெள்ளியையும் டைட்டானியம் டை ஆக்சைடையும் 20 நானோமீட்டர் தடிமனில் மாறிமாறிப் படியவைத்தால், 600 நானோமீட்டர் அலைநீளமுள்ள செம்மஞ்சள் ஒளியின் ஓர் அலைநீளத்துக்குள் முப்பது அடுக்குகள் அடங்கிவிடும். அவற்றைப் பிரித்தறிய இயலாத ஒளி, சராசரியையே உணர்கிறது. அச்சராசரியும் திசைக்குத் திசை மாறுகிறது: மின்புலம் அடுக்குகளுக்கு இணையாக இருக்கையில் விடுதிறன்களின் (மின்புலத்துக்குப் பொருள் காட்டும் எதிர்வினையின் அளவுகள்) கூட்டுச் சராசரியும், செங்குத்தாக இருக்கையில் இசைச் சராசரியும் (தலைகீழ்களின் சராசரிக்குத் தலைகீழ்) செயல்பட, வெள்ளியின் விடுதிறன் எதிர்க்குறி உடையதாதலால், ஒரே படலம் ஒரு திசையில் உலோகமாகவும் மறுதிசையில் மின்கடத்தாப் பொருளாகவும் நடந்துகொள்கிறது. இவ்வகையை ‘அதிபரவளைய மீப்பொருள்’ எனல் தகும். ஒளியலை செல்லும் திசையையும் அலைகளின் நெருக்கத்தையும் காட்டும் அலைத்திசையன்களின் வரைபடம், அதிபரவளையம் (ஹைப்பர்போலா) என்னும் இருகிளை வளைவின் வடிவம் கொள்வதே காரணம்.

மூக்குக்கண்ணாடியில் எதிரொளிப்பைத் தடுக்கப் பூசப்படுவதும் அடுக்குதான். ஆயினும் அதை மீப்பொருள் என்பதில்லை: அதன் அடுக்குகள் பொதுவாக ஒளியலையின் கால்பங்கை ஒட்டிய தடிமன் உடையவை, ஒவ்வோர் எல்லையையும் ஒளி தனித்தனியே உணர்கிறது.