ரேஷன் அரிசி வருகிறது, பருப்பு எங்கே போகிறது?

சேலத்தில் என்னிடம் உணவு ஆலோசனைக்கு வரும் சர்க்கரை நோயாளிகளில் கொலுசுப் பட்டறைகளிலும் விசைத்தறிகளிலும் வேலை செய்பவர்கள் அதிகம். அவர்களில் பலர் கேட்கும் முதல் கேள்வி, ரேஷன் அரிசியை நிறுத்திவிடலாமா என்பதுதான். 2011 ஜூன் முதல் விலையில்லாமல் கிடைத்துவரும் அரிசியை விட்டுவிட்டு, கடையில் காசு கொடுத்துச் சன்ன ரகம் வாங்கிச் சாப்பிட்டால் சர்க்கரை இறங்கப்போவதில்லை. காய்கறிக்கு வைத்திருந்த பணம்தான் கரையும்.

நான் பார்க்கக் கேட்பது, பொருள் வாங்கியதும் கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தியை. அதில் அரிசி இருக்கும், சர்க்கரை தவறாமல் இருக்கும், துவரம் பருப்பு பல மாதங்களில் இருக்காது. பருப்பும் பாமாயிலும் அரிசி வரும் நாளிலேயே கடைக்கு வருவதில்லை. இரண்டாம் முறை போய் நிற்பதென்றால் அரைநாள் கூலி போய்விடும். ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு மலைப்பாதை நடையும் சேர்ந்துகொள்கிறது. வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தும் சர்க்கரையை விடாமல் வாங்கிப் பருப்பை விட்டுவிடுவதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு 20 கிலோ அரிசி என்றால், ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 165 கிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2000 கலோரி உணவுக்குத் தானியம் 250 கிராம், பருப்பும் முட்டையும் இறைச்சியுமாக 85 கிராம், காய்கறி 400 கிராம் என்கிறது. ஆக ரேஷன் அரிசியின் அளவு மிகையல்ல. அதற்குத் துணையாகத் தட்டில் வேறெதுவும் இல்லாததால் வயிறு நிறையும்வரை சோறே போடப்படுகிறது. அட்டைக்குக் கிடைக்கும் ஒரு கிலோ பருப்போ ஆளுக்கு நாளுக்கு 8 கிராம்தான். அதுவே போதாது என்னும்போது, வெளியில் நூறு ரூபாய்க்கு மேல் விற்கும் பருப்பை 30 ரூபாய்க்குக் கிடைத்தும் விடுவது பெரிய இழப்பு. அதைத் தண்ணீராக நீட்டாமல் கெட்டியாகக் கடைந்து, வாரத்தில் சில நாள் கொள்ளுக் கடையல், பச்சைப்பயறு, முட்டை, ஒரு கட்டுக் கீரை என்று சேர்த்துக்கொண்டு, சோற்றில் ஒரு கரண்டியைக் குறைக்கச் சொல்கிறேன். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மட்டும் பருப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அரிசி களையும்போது மிதக்கும் வெளிறிய மணிகளைப் 'பிளாஸ்டிக் அரிசி' என்று பொறுக்கி எறிபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவை அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்யப்பட்டு, நூறு மணிக்கு ஒன்று என்ற கணக்கில் கலக்கப்பட்டவை. இரத்தசோகைக்கு மாத்திரை வாங்கிச் செல்லும் பெண்ணே அவற்றை எறிவதைக் கேட்கையில், மாத்திரையை எழுதித் தருவதோடு நம் வேலை முடிந்துவிடவில்லை என்று தெரிகிறது.

மாதம் தாண்டினால் அந்த மாதத்துப் பருப்பு பெரும்பாலும் கைவிட்டுப் போய்விடும் என்பதால், இருப்பு வந்ததா என்று கடைசி வாரத்துக்கு முன்பே விசாரித்துவிடுவது நல்லது. கடைக்குப் பருப்பு வந்த பிறகும் இல்லையென்று திருப்பி அனுப்பினாலோ, வாங்காத பொருளை வாங்கியதாகக் குறுஞ்செய்தி வந்தாலோ, 1967 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.