காலையில் படியேறியவர் மதியம் தடுமாறுவது ஏன்?

மே மாத மதியம். அலுவலகத்தில் கரண்ட் போய் அரை மணி நேரமாகியிருந்தது. காலையில் இரண்டு மாடி படியேறி வந்த கணக்குப் பிரிவு அக்கா, மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றார். வவுச்சரில் எண்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிவதாகச் சொன்னார். "காலையில நல்லாத்தானே இருந்தாங்க?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

நல்லாத்தான் இருந்தார். அவருக்கு மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ்.

மின்கம்பிக்கு உறை போல நரம்பிழைகளுக்கு மயலின் என்ற கொழுப்புப் படலம் உண்டு. இந்த நோயில் உடலின் எதிர்ப்பு அணுக்களே மூளையிலும் தண்டுவடத்திலும் அந்த உறையை அரித்துவிடுகின்றன. உறைக்கு நடுநடுவே சிறு இடைவெளிகள் உண்டு. நரம்புச் சைகை அவற்றில் தாவித் தாவிப் போகும். நல்ல நரம்பில் ஒவ்வொரு தாவலுக்கும் தேவையைவிடப் பல மடங்கு மின்னோட்டம் கையிருப்பில் இருக்கும். உறை போன இடத்திலோ மின்னோட்டம் கசிந்து, மயிரிழையில்தான் சைகை தாண்டுகிறது.

இந்த நிலையில் வெயில் சேர்கிறது. உடல் சூடேறினால் நரம்பிலுள்ள சோடியம் வாயில்கள் சீக்கிரமே மூடிக்கொள்ளும். உள்ளே பாயும் மின்னோட்டம் குறையும். கையிருப்பு உள்ள நரம்புக்கு அது தெரியாது. உறை இழந்த நரம்பில் சைகை நடுவழியில் நின்றுவிடுகிறது. உடல் வெப்பம் அரை டிகிரி செல்சியஸ் ஏறினாலே இது நடக்கலாம்.

ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் 1890இல் இதைப் பதிவு செய்தார். உடலுழைப்புக்குப் பின் நோயாளிகளின் பார்வை மங்குவதைக் கண்டு, உழைப்பே காரணம் என்று நினைத்தார். வெப்பம்தான் காரணம் என்பது பின்னர்தான் தெரிந்தது. எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன், நோய் இருக்கிறதா என்று பார்க்க ஆளை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்திருக்கிறார்கள்!

உடல் குளிர்ந்தால் சைகை திரும்பும். இந்தத் தடுமாற்றத்தால் புதிய சேதம் எதுவும் இல்லை. நாள்கணக்கில், வாரக்கணக்கில் நீடிக்கும் புதிய தாக்குதல் வேறு. அதற்கு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் இந்த நோயும் உண்டு. அரசு நிறுவனங்கள் மாற்றுத்திறனாளிப் பணியாளருக்கு நியாயமான வசதி செய்து தர வேண்டும் என்கிறது அதன் 20ஆம் பிரிவு. ஆனால் வேலை இட ஒதுக்கீட்டுக்கு, குறைபாடு குறைந்தது 40 சதவீதம் என்ற சான்று வேண்டும். குளிர்ந்த காலை ஒன்றில் அளந்த சதவீதம், கரண்ட் போன மதியத்தைப் பற்றி என்ன சொல்லிவிடும்? ஏறி இறங்கும் நோயை ஒற்றை எண்ணுக்குள் அடைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அக்கா கேட்டவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். மேற்கு ஜன்னலோரத்திலிருந்து இருக்கையை மாற்ற வேண்டும், இன்வெர்ட்டரில் ஓடும் ஒரு மின்விசிறி வேண்டும், வெயில் காலத்தில் ஏழரைக்கு வந்து மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும். மாதக் கடைசிக் கணக்கு இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, ஒவ்வொரு முறையும் "நேத்து முடிஞ்சது, இன்னைக்கு ஏன் முடியல?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் நிலை இருக்கக் கூடாது.

அன்று ஐஸ் தண்ணீரில் பிழிந்த துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அதே வவுச்சரை எடுத்து, எண்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார்.