கட்டுப்படுத்தி: ‘கன்ட்ரோலர் எரர்’ யாரைக் குற்றம் சொல்கிறது?

விண்டோஸ் ஓடும் வீட்டு சர்வரில் ஈவன்ட் வியூவரை (பிழைப் பதிவுகளைக் காட்டும் கருவி) திறந்தால் சில நேரம் ‘டிஸ்க்’ என்ற பெயரில் 11ஆம் எண் பிழை வரிசையாக நிற்கும். இன்ன வன்தட்டில் ஒரு கன்ட்ரோலர் (வன்தட்டின் தரவுப் போக்குவரத்தைக் கவனிக்கும் மின்சுற்று) பிழையை டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) கண்டது என்பதே அதன் சாரம். படித்தவுடன் மதர்போர்டுக்கு விலை விசாரிக்கக் கிளம்ப வேண்டாம். இந்தச் செய்தி வரும் இடங்களில் கன்ட்ரோலர் கெட்டிருப்பது அபூர்வம். கேபிள், பவர், வன்தட்டு, அதன் பிறகே கன்ட்ரோலர்: சந்தேகப்பட வேண்டிய வரிசை இதுதான்.

சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. ‘கான்ட்ரா’ என்றால் எதிர், ‘ரோட்டுலுஸ்’ என்றால் சுருள். இடைக்கால ஐரோப்பாவில் கணக்குச் சுருளுக்கு இன்னொரு படி எழுதி வைத்து, இரண்டையும் ஒப்பிட்டுத் திருட்டைப் பிடிப்பார்கள். அந்த எதிர்ச்சுருளை வைத்திருந்தவரே பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த ‘கன்ட்ரோலர்’. ‘ஆள்பவர், அடக்குபவர்’ என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது. சி.ஏ.ஜி. பதவியின் முதல் எழுத்தாக நிற்கும் ‘கம்ப்ட்ரோலர்’ இதே சொல்தான்; கணக்கைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லோடு தவறாக முடிச்சுப் போட்டதால் எழுத்து மாறியது. தமிழில் அந்தப் பதவியைத் ‘தலைமைக் கணக்குத் தணிக்கையர்’ என்கிறோம். பழைய பொருளுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது.

கணினிக்குள் சொல் இடம் மாறியதில்தான் குழப்பம் தொடங்கியது. 1980இல் வந்த எஸ்டி-506 என்ற 5 மெகாபைட் வன்தட்டுக்குத் தனி கன்ட்ரோலர் அட்டை தேவைப்பட்டது. 1980களின் நடுவில் வந்த ஐடிஇ என்ற இணைப்பு முறை, அந்த மின்சுற்றை வன்தட்டின் மேலேயே ஏற்றிவிட்டது. அன்றிலிருந்து மதர்போர்டில் மிஞ்சியிருப்பது வன்தட்டோடு பேசும் வாயில் மட்டுமே. ஆனாலும் அதையும் கன்ட்ரோலர் என்றே அழைக்கிறோம். பிழைச்செய்தி இரண்டில் எதைச் சொல்கிறது என்பது செய்தியில் இருக்காது.

தமிழில் ‘கட்டுப்படுத்தி’ நிலைத்துவிட்டது. ‘கட்டுப்படுத்து’ என்ற பிறவினையோடு, கருவியைக் குறிக்கும் இகரம் சேர்ந்து வந்த சொல் இது. இயக்கி, செயலி போல. ‘கட்டுப்பாட்டகம்’ என்று எழுதினால் ஓர் அறையை நினைக்கத் தோன்றும். ‘கட்டுப்பாட்டாளர்’ மனிதருக்கு உரியது. டிரைவருக்கு ‘இயக்கி’ என்று ஏற்கெனவே வழக்கு இருப்பதால், கன்ட்ரோலருக்கும் அதையே போடக் கூடாது. மேலே சொன்ன 11ஆம் எண் செய்தியில் இரண்டும் ஒரே வரியில் வருகின்றன. என் பரிந்துரை: வன்தட்டின் மேலிருக்கும் சுற்றுக்கு ‘வட்டுக் கட்டுப்படுத்தி’, மதர்போர்டிலோ தனி அட்டையிலோ இருப்பதற்குத் ‘தகவி’. கடையில் மட்டும் ‘சாட்டா கார்டு’ என்றே கேளுங்கள் (சாட்டா என்பது வன்தட்டை மதர்போர்டோடு இணைக்கும் முறை).

இனி, யார் குற்றவாளி என்று பார்ப்பது. சாட்டா கேபிளில் போகும் ஒவ்வொரு தரவுக் கட்டோடும் 32 பிட் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண் ஒன்று சேர்ந்து போகிறது. பெறும் முனை அதைத் தானும் கணக்கிட்டு ஒப்பிடுகிறது, எதிர்ச்சுருள் வேலையேதான். ஒப்பீடு தவறினால் லினக்ஸின் கெர்னல் பதிவில் ‘ஐசிஆர்சி’ என்று வரும். வழியில் தரவு கெட்டது என்று அதற்குப் பொருள். ‘யூஎன்சி’ என்று வந்தால் தட்டின் பரப்பிலேயே படிக்க முடியவில்லை; கேபிளை மாற்றிப் பயனில்லை.

வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அட்டவணையும் இதையே சொல்லும். 199ஆம் வரி சிஆர்சி பிழைகளின் எண்ணிக்கை. 5, 197, 198 ஆகியவை பரப்பின் சேதம். 199இல் ஏறிய எண் பொதுவாக இறங்குவதில்லை என்பதால், எண் இருப்பதே கவலைக்குரியது அல்ல, அது ஏறுவதே கவலை. எண்ணைக் குறித்துக்கொண்டு, கேபிளை மட்டும் மாற்றி, 100 ஜிபி அளவுக்குப் படித்து எழுதிவிட்டு மறுபடி பாருங்கள். இன்னும் ஏறினால் போர்ட்டை மாற்றுங்கள். பிழை வன்தட்டோடு நகர்ந்தால் வன்தட்டு. பழைய போர்ட்டிலேயே தங்கினால் தகவி. கேபிள், போர்ட் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் ஒன்றும் தெரியாது.

பவர் தனிக் கதை. 3.5 அங்குல வன்தட்டு சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும். ஒரு சாட்டா பவர் இணைப்பின் தாங்குதிறன் 12 வோல்ட்டில் 4.5 ஆம்பியர். ஒன்றை நான்காகப் பிரிக்கும் ஸ்பிளிட்டரில் நான்கு வன்தட்டுகளை மாட்டினால் தொடக்கத்தில் 8 ஆம்பியர்! சர்வரை அணைக்காமலே ஸ்மார்ட்டின் 12ஆம் வரி, அதாவது பவர் வந்துபோன எண்ணிக்கை, ஏறியிருந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

பல வன்தட்டுகளை ஒன்றாக இணைத்து இயக்கும் ரெய்டில் இன்னொரு வலை உண்டு. சாதாரண டெஸ்க்டாப் வன்தட்டு, படிக்க முடியாத செக்டாரோடு (பரப்பின் ஒரு சிறு துண்டு) நிமிடக்கணக்கில் மல்லுக்கட்டும். லினக்ஸ் 30 நொடிதான் பொறுக்கும். பிறகு இணைப்பையே ரீசெட் செய்யும். பார்ப்பவருக்கு அது கன்ட்ரோலர் பிழை. ‘ஸ்மார்ட்சிடிஎல்’ கட்டளையில், பிழையோடு மல்லுக்கட்டும் நேர வரம்பான எஸ்சிடி இஆர்சி மதிப்பை 70,70 என்று வைத்தால் வன்தட்டு 7 நொடியில் கைவிட்டு, பிழை என்று ஒழுங்காகப் பதில் சொல்லும். பல வன்தட்டுகள் பவர் போனதும் இதை மறந்துவிடும். ஆகவே தொடக்க ஸ்கிரிப்டில் சேர்க்க வேண்டும். இந்த வசதியே இல்லாத வன்தட்டுக்கு லினக்ஸின் காத்திருப்பை 180 நொடியாக உயர்த்துங்கள்.

தகவியே கெட்டுப்போவதும் உண்டு. 2011இல் இன்டெல்லின் 6 வரிசை சிப்செட்டில் 3 ஜிகாபிட் சாட்டா போர்ட்டுகள் நாளடைவில் தேய்வது தெரியவந்து, நிறுவனமே திரும்பப் பெற்றது. 6 ஜிகாபிட் போர்ட்டுகள் 0, 1 இரண்டும் பாதிக்கப்படவில்லை. இன்றைய வீட்டு சர்வர்களில் அதிகம் பார்ப்பது சூடு. பல வன்தட்டுகளை மாட்டும் எல்எஸ்ஐ 9211-8i போன்ற அட்டைகள் டேட்டா சென்டரின் பலத்த காற்றோட்டத்துக்காகச் செய்யப்பட்டவை. அட்டையில் மாட்டிய எல்லா வன்தட்டுகளும் ஒரே நொடியில் காணாமல் போனால், ஹீட்சிங்க்கின் மேல் 40 மிமீ விசிறி ஒன்றை மாட்டிப் பார்த்துவிட்டுப் புது அட்டை வாங்குங்கள்.