கோழி எச்சத்தின் வெள்ளைப் பூச்சு

சாண எரிவாயுக் கலனில் மாட்டுச் சாணம் போட்டால் ஒழுங்காக எரிவாயு வருகிறது, கோழி எருவை மட்டும் போட்டால் கொஞ்ச நாளில் கலன் மந்தமாகிவிடுகிறதே, ஏன் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பச்சைக் கோழி எரு செடியைக் கருக்குவது ஏன் என்றும் கேட்டிருந்தார். இரண்டுக்கும் விடை எச்சத்தின் மேல் தெரியும் வெள்ளைப் பூச்சில் இருக்கிறது.

அது கோழியின் சிறுநீர். உடலில் மிஞ்சும் நைட்ரஜனை நாம் யூரியாவாக்கி நீரில் கரைத்து வெளியேற்றுகிறோம். பறவை அதை யூரிக் அமிலமாக்கி, எளிதில் கரையாத களிம்பாகத் தள்ளுகிறது. முட்டைக்குள் அடைபட்ட குஞ்சை நினைத்துப் பாருங்கள். கழிவைக் கொட்ட வேறு இடம் ஏது? கரையாமல் ஒரு ஓரமாகக் கிடந்தால்தான் அது பிழைக்கும். அந்த அமில மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு நைட்ரஜன் அணுக்கள். வெளியே வந்து ஈரம் பட்டதும் நுண்ணுயிர்கள் அதை அம்மோனியாவாக உடைக்கின்றன. கொட்டகையில் கண்ணைக் கரிப்பது அதுதான்; உப்புகளோடு சேர்ந்து வேரைக் கருக்குவதும் அதுதான். ‘கோழி எரு சூடு’ என்ற பேச்சை நான் மூடநம்பிக்கைக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

சரி, கலனுக்கு வருவோம். காற்றுப் புகாத கலனில் ஒரு கூட்டம் நுண்ணுயிர்கள் கழிவை அமிலங்களாக்கும், இன்னொரு கூட்டம் அவற்றை மீத்தேனாக்கும். இதுவரை பள்ளிப் பாடம்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். நீரில் அம்மோனியாவுக்கு இரண்டு வேடங்கள். ஒரு புரோட்டானைச் சேர்த்துக்கொண்டால் அம்மோனியம். மின்சுமை இருப்பதால் உயிரணுச் சவ்வைச் சுலபமாகக் கடக்காது. புரோட்டான் இல்லாத அம்மோனியா நேரே உள்ளே நுழைந்து, அங்கே ஒரு புரோட்டானைப் பிடுங்கி, உயிரணுவின் சமநிலையைக் குலைக்கும். 37 டிகிரி செல்சியஸில் பிஎச் (அமில-கார அளவு; கூடினால் காரம்) 7 என்றால் நூறில் ஒன்று இந்த வேடத்தில் இருக்கும். பிஎச் 8 ஆனால் பத்துக்கு மேல்! மீத்தேன் கூட்டம்தான் முதலில் அடிவாங்கும். அது சுணங்கினால் அமிலம் தேங்கும், பிஎச் இறங்கும், அம்மோனியா மறுபடி அம்மோனியமாகும், அந்தக் கூட்டம் கொஞ்சம் மூச்சுவிடும். இப்படிக் கலன் சாகாமலும் பிழைக்காமலும் அரைகுறை வாயுவோடு மாதக்கணக்கில் ஓடக்கூடும்.

இதற்கு ‘அதிசய நுண்ணுயிர்த் தூள்’ தேடிப் போக வேண்டாம். கோழி எருவில் நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கார்பன் பத்துப் பங்குகூடத் தேறாது. இருபது, முப்பது இருந்தால் நல்லது. வைக்கோல், பயிர்க் கழிவு கலந்தால் கணக்கு சரியாகும். கழிவுக் குழம்பைக் கலனுக்கு வெளியே தனித் தொட்டியில் எடுத்து, அதில் காற்றையோ நீராவியையோ செலுத்தி அம்மோனியாவைப் பிரித்து, கந்தக அமிலத்தில் பிடித்தால் அம்மோனியம் சல்பேட் உரம் கிடைக்கும். கலனை மூச்சுத்திணற வைத்த அதே பொருள், மூட்டையில்!

கோழி எருவை எரித்தும் மின்சாரம் எடுக்கலாம். இங்கிலாந்தின் சஃபோக்கில் 1992-லேயே அப்படி ஒரு மின்நிலையம் வந்தது. மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) சாம்பலில் தங்கும், தழைச்சத்தான நைட்ரஜன் புகையோடு போய்விடும். எனக்கு அதில் மனமில்லை.

கலனில் அப்படி இல்லை. வாயுவாகப் போவது பெரும்பாலும் கார்பன்தான். நைட்ரஜன் கழிவுக் குழம்பிலேயே, பயிர் உடனே எடுக்கும் அம்மோனியமாக நிற்கும். ஆனால் அந்தக் குழம்பைத் திறந்த தொட்டியில் போட்டுவைத்தால் அம்மோனியா காற்றில் பறந்துவிடும். மூடி வையுங்கள், வயலில் தெளித்ததும் மண்ணோடு கலந்துவிடுங்கள்.