குளத்து மீனும் 500 டிகிரி நாளும்

பெங்களூரில் ரஸ்ஸல் மார்க்கெட்டிலோ தெருமுனைக் கடையிலோ ரோகு, கட்லா வாங்கினால், அது ஏதோ ஒரு குளத்தில் வளர்ந்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும். குளத்து மீனுக்கு நோய் வந்தால் மருந்து கொடுப்பார்கள். அதில் தப்பில்லை. மருந்து கொடுத்த எத்தனை நாள் கழித்து வலை போடுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

இதற்கு விதி இருக்கிறது. மருந்து விதிகள் 1945-இல் 97ஆம் விதியை 2012 ஜனவரியில் திருத்தினார்கள். உணவுக்காக வளர்க்கும் உயிரினங்களுக்கான மருந்தின் லேபிளில் காத்திருப்புக் காலத்தை, அதாவது கடைசி வேளை மருந்துக்குப் பிறகு எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும் என்பதை, அச்சிட வேண்டும். ஆய்வில் உறுதியான காலம் இல்லையென்றால் பால், முட்டைக்குக் குறைந்தது 7 நாள். கோழி, ஆட்டு இறைச்சிக்கு 28 நாள். மீனுக்கு மட்டும் கணக்கு வேறு: 500 டிகிரி நாள்.

அதாவது, கடைசி வேளை மருந்துக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் தண்ணீரின் சராசரி வெப்பநிலையைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். கூட்டுத்தொகை 500-ஐத் தொட்ட பிறகுதான் மீன் பிடிக்கலாம். தண்ணீர் 25 டிகிரி என்றால் 20 நாள். 20 டிகிரிக்கு இறங்கினால் 25 நாள். மீனின் உடல் சூடு தண்ணீரைப் பொறுத்தது. தண்ணீர் குளிர்ந்தால் கல்லீரலும் சிறுநீரகமும் மந்தமாகி, மருந்து வெளியேறத் தாமதமாகும்.

தீவனத்தில் கலந்த மருந்து குடல் வழியாக ரத்தத்துக்கும், அங்கிருந்து சதைக்கும் தோலுக்கும் போகிறது. அப்புறம் பித்தம், சிறுநீர், செவுள் வழியாக மெல்ல வெளியேறுகிறது. எல்லா மருந்தும் ஒரே மாதிரி போவதில்லை. ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கால்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும். சதையை விட்டுப் போன பிறகும் எலும்பிலும் செதிலிலும் தங்கும். அந்த மருந்தில் பெரும்பகுதியைக் குடல் உறிஞ்சுவதே இல்லை. கழிவோடு குளத்துச் சேற்றில் போய்ச் சேர்கிறது. குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபியூரான் வகை மருந்துகளுக்கோ இந்தக் கணக்கே கிடையாது. அவற்றுக்கு முழுத் தடை.

விதியில் எனக்குப் படும் ஓட்டை ஒன்று: லேபிள் இருப்பது மருந்துப் பாட்டிலில், மீனில் அல்ல. வெப்பமானியைப் பார்த்துக் கூட்டுவதும் பண்ணைக்காரர் பொறுப்புதான்.

சரி, வாங்குபவருக்கு என்ன வழி? உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 40-இன்படி, வாங்கிய மீனைக் கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். சோதனைக்குத்தான் வாங்குகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். சோதித்த மீன் விதிக்கு உட்பட்டதாக இல்லை என்று அறிக்கை வந்தால், கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும்.