‘சாஃப்ட்வேர் போட்டா டேட்டா போயிடும்’னு சொல்றாங்களே, எவ்வளவு நிஜம்?

"சாஃப்ட்வேர் போட்டுடலாம்ங்ணா, ஆனா டேட்டா எல்லாம் போயிடும்." அப்டேட் பாதியில நின்னு லோகோலயே தொங்குற டேபை எடுத்துக்கிட்டு சேலத்துல அஞ்சு ரோடு பக்கம் எந்த சர்வீஸ் கடைக்கு போனாலும் முதல்ல இதைத்தான் சொல்வாங்க. நம்மளும் சரி போகட்டும்னு தலையாட்டிடுவோம். ஆனா இதுல பாதிதான் உண்மை, மீதி பாதி அவங்க எப்படி சாஃப்ட்வேர் போடுறாங்கங்கிறதுல இருக்கு.

டேப்ல ஸ்டோரேஜ் சிப் ஒண்ணுதான், ஆனா அதை பார்ட்டிஷன் பார்ட்டிஷனா பிரிச்சு வச்சிருப்பாங்க. பூட், சிஸ்டம், வெண்டார், ரிகவரி (டேப் ஆன் ஆகாதப்ப சரி பண்றதுக்கான தனி மெனு) இதெல்லாம் கம்பெனியோட இடம். யூசர்டேட்டான்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அதுதான் நம்ம இடம், போட்டோ, வாட்ஸ்அப், கணக்கு எல்லாம் அங்கதான் கெடக்கும். அப்டேட் மாத்தி எழுதுறது கம்பெனி இடத்தை. எழுதிக்கிட்டு இருக்கும்போது சார்ஜ் தீர்ந்துச்சுன்னா சிஸ்டம் பாதி புதுசு பாதி பழசுன்னு நிக்கும், ஆன் ஆகும்போது படிக்கிற ஒவ்வொரு பிளாக்கோட ஹேஷும், அதாவது உள்ள இருக்கிறது மாறலைன்னு காட்டுற கைரேகை மாதிரி ஒரு நம்பரும், சரியா இருக்கான்னு டேப் செக் பண்ணும், பொருந்தலேன்னா மேல போகாது. திண்ணை இடிஞ்சு கெடக்கு, உள்ரூம் பீரோ அப்படியே இருக்கு, அவ்வளவுதான் சங்கதி.

இந்த தொல்லைக்காகத்தான் 2016ல வந்த ஆண்ட்ராய்டு 7ல சிஸ்டத்துக்கு ரெண்டு தனித்தனி இடம் வைக்கிற ரெண்டு ஸ்லாட் முறையை கொண்டுவந்தாங்க. ஏ ஸ்லாட்ல நீங்க வேலை பார்த்துக்கிட்டே இருப்பீங்க, பி ஸ்லாட்ல புதுசு பின்னாடியே எழுதிக்கிட்டு இருக்கும், புதுசு சில தடவை முயற்சி பண்ணியும் பூட் ஆகலேன்னா பூட்லோடர், அதாவது டேபை ஆன் பண்ணதும் சிஸ்டத்தை எழுப்புற புரோகிராம், தானா பழைய ஸ்லாட்டுக்கு திரும்பிடும். ஆனா எல்லா கம்பெனியும் இதை உடனே எடுத்துக்கல, விலை கம்மியான டேப்ல பழைய முறையே ரொம்ப நாள் ஓடுச்சு.

சரி, பீரோ பத்திரமா இருக்குன்னா சிப்பை கழட்டி டேட்டாவை எடுத்துடலாம்ல? ஒரு காலத்துல எடுத்தாங்க. இப்ப முடியாது, ஏன்னா எல்லாமே என்கிரிப்ஷன், அதாவது சாவி இல்லாம படிக்க முடியாதபடி மாத்தி எழுதி வச்சிருக்கும். ஆண்ட்ராய்டு 10ல இருந்து புதுசா வர்ற ஒவ்வொரு டிவைஸ்லயும் ஃபைல் ஃபைலா என்கிரிப்ட் பண்ணியே ஆகணும்னு கட்டாயமே ஆக்கிட்டாங்க. அந்த சாவி உங்க பின் நம்பரும் புராசஸர் உள்ள இருக்கிற பாதுகாப்பான பகுதியும் சேர்ந்தாத்தான் கிடைக்கும். ஸ்டோரேஜ் சிப்பை மட்டும் வேற போர்டுல வச்சு படிச்சா வெறும் குப்பை எழுத்துதான் வரும். அதனால டேட்டாவை வெளிய எடுக்கிற வழின்னு தனியா எதுவும் இல்ல, அதே டேபை அதே போர்டோட திரும்ப ஆன் ஆக வைக்கிறதுதான் ஒரே வழி.

இங்கதான் ஃபேக்டரி ரீசெட் ஆளை கவுத்துடுது. டேட்டா கரப்ட் ஆயிருக்கலாம்னு ஒரு ஸ்கிரீன் வரும், ட்ரை அகெய்ன், ஃபேக்டரி டேட்டா ரீசெட்னு ரெண்டே ரெண்டு ஆப்ஷன் இருக்கும். ரீசெட் அமுக்குனா ஃபைலை அழிக்கிறதோட சாவியையும் அழிச்சிடும், அதுக்கப்புறம் சிப்ல எழுத்து மிச்சம் இருந்தாலும் அதை திறக்க யாராலயும் முடியாது. பூட்லோடரை அன்லாக் பண்ணி வேற ரிகவரி போடலாம்னு யூடியூப்ல சொல்வாங்க, அன்லாக் பண்ற அந்த நிமிஷமே டேட்டா அழிஞ்சிடும், அதுவும் வேணும்னே அப்படி வச்சதுதான், திருடனவன் அதே வழியா உள்ள வந்துடக் கூடாதுல்ல. ரிகவரி மெனுல வைப் கேஷ் பார்ட்டிஷன் இருந்தா அதை தைரியமா பண்ணலாம், பக்கத்து வரியில வைப் டேட்டா இருக்கும், வால்யூம் பட்டன் ஒரு தட்டு கூட தட்டினா அதுக்கு போயிடும், பார்த்து.

சரியான வழி என்னன்னா ரிகவரில இருந்து ஏடிபி சைட்லோடு, அதாவது ஏடிபிங்கிற லேப்டாப் புரோகிராம் வழியா அப்டேட் ஃபைலை ஏத்துறது. செவ்வாய்ப்பேட்டையில வெள்ளிக் கொலுசு பட்டறை வச்சிருக்கிற தெரிஞ்சவர் ஒருத்தரோட டேப்ல டிசைன் போட்டோவும் எடைக் கணக்கும் மாட்டிக்கிச்சு, கடைப்பையன் கம்பெனியோட முழு அப்டேட் ஃபைலை லேப்டாப்ல இருந்து கேபிள் வழியா ஏத்தினான். 47 பெர்சென்ட்ல நின்னு "ஃபெயில்டு டு ரீட் கமாண்ட்: சக்ஸஸ்"னு வந்துச்சு. தோத்துச்சா ஜெயிச்சுச்சான்னே புரியாத இப்படி ஒரு மெசேஜை எழுதினவனை என்னன்னு சொல்றது! பட்டறைக்காரருக்கு மூஞ்சி செத்துப்போச்சு. "லேப்டாப்பை உடுங்ணா, டேபை பாருங்க"ன்னான் பையன். டேப்ல இன்ஸ்டால் முடிஞ்சிருந்துச்சு. சில சமயம் வேலை நல்லபடியா முடிஞ்சாலும் ஏடிபி இப்படித்தான் சொல்லும், பயந்து கேபிளை புடுங்கிடாதீங்க.

சாம்சங் டேப்னா ஓடின்ங்கிற கம்ப்யூட்டர் புரோகிராம்ல ஏத்துவாங்க, அதுல ஹோம் சிஎஸ்சின்னு ஒரு ஃபைல் இருக்கும், சும்மா சிஎஸ்சின்னும் ஒண்ணு இருக்கும். ஹோம் போட்டா டேட்டா நிக்கும், மத்தது போட்டா போயிடும். கடைக்காரர்கிட்ட "ஹோம் சிஎஸ்சி போடுங்க"ன்னு நீங்களே கேளுங்க. வெர்ஷன் அதேதோ புதுசோ இருக்கணும், பழசை போடக் கூடாது, ஏன்னா சாவி ஓஎஸ் வெர்ஷனோடயும் செக்யூரிட்டி பேட்ச் தேதியோடயும் கட்டிப்போட்டிருக்கும், பழைய சாஃப்ட்வேர்ல அது திறக்காது.

மெமரி கார்டு இருந்தா முதல்ல கழட்டி வேற போன்ல போட்டு பாருங்க. சாதாரணமா போட்டிருந்தா எல்லாம் தெரியும், இன்டர்னல் ஸ்டோரேஜா மாத்தி வச்சிருந்தீங்கன்னா அதுவும் அந்த டேபோட சாவியிலதான் பூட்டியிருக்கும்.

ஐபேட்காரங்களுக்கு வேலை கொஞ்சம் சுலபம். ரிகவரி மோடுல போட்டு கம்ப்யூட்டர்ல சொருகினா அப்டேட், ரீஸ்டோர்னு ரெண்டு கேட்கும், அப்டேட்டை அமுக்குங்க, டேட்டாவை தொடாம சிஸ்டத்தை மட்டும் திரும்ப போடும். ஒரு சிக்கல், டவுன்லோடு 15 நிமிஷத்தை தாண்டிச்சுன்னா ஐபேட் ரிகவரி மோடை விட்டு வெளிய வந்துடும், ஃபைல் பல ஜிபி இருக்கும், ஏற்காட்டுல எஸ்டேட் பக்கம் இருக்கிறவங்க நெட்டுக்கு இது கண்டிப்பா தாண்டும். பதறாம டவுன்லோடு முடியிற வரைக்கும் விட்டுட்டு, மறுபடி ரிகவரி மோடுல போட்டு அதே அப்டேட்டை அமுக்கினா போதும்.